முனையில்லாத வளையத்தில் கம்பி ஏறிய கதை

லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் ஓர் இரும்பு வளையம் பத்திரமாக இருக்கிறது. வெளிவிட்டம் 6 அங்குலம். இரும்பின் பருமன் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அதன் இரு பக்கங்களிலும் செம்புக் கம்பி சுற்றியிருக்கிறது. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே நூல், அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே பருத்தித் துணி. 1831 ஆகஸ்ட் 29 அன்று மைக்கேல் ஃபாரடே ஒரு பக்கச் சுருளில் பேட்டரியை இணைத்தார். மறுபக்கச் சுருளின் கம்பிக்கு அருகில் வைத்திருந்த காந்த ஊசி ஆடி நின்றது. பேட்டரியை எடுத்தார், ஊசி மறுபடி ஆடியது. உலகின் முதல் மின்மாற்றி அந்த வளையம்தான்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் ஊசி ஆடியதைச் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் நடந்த கைவேலையைப் பற்றிப் பேச்சே வருவதில்லை. ஒரு பக்கத்தில் தலா 24 அடி நீளத்தில் மூன்று கம்பிகள். மறுபக்கத்தில் இரண்டு கம்பிகள், சேர்த்து ஏறக்குறைய 60 அடி. ஆக 132 அடிக் கம்பி. எனாமல் பூசிய கம்பி கிடைக்காத காலம் என்பதால் நூலையும் துணியையும் கூடவே வைத்துச் சுற்ற வேண்டும். ஃபாரடே இளம் வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகியவர். நூலும் துணியும் ஊசியும் பழகிய கை அது. அந்தக் கைக்குப் பொறுமை இல்லாமல் போயிருந்தால் ஊசி ஆடியிருக்காது.

வளையத்தில் கம்பி சுற்றுவது ஏன் இவ்வளவு பாடு? வளையத்துக்கு முனை கிடையாது. ஒரு குச்சியிலோ பாபினிலோ சுற்றுவதென்றால் அதைச் சுழல விட்டால் போதும். கம்பி தானாக வந்து ஏறிக்கொள்ளும். கையால் சுழற்றும் ஒரு சாதாரண மெஷினே இதற்குப் போதும். வளையத்தை எப்படிச் சுழற்றினாலும் ஒரு சுற்றும் விழாது. ஒவ்வொரு சுற்றுக்கும் மிச்சமிருக்கும் கம்பி முழுவதையும் துளைக்குள் நுழைத்து மறுபக்கம் இழுக்க வேண்டும். நூறு அடி மிச்சமிருந்தால் நூறு அடியும் உள்ளே போய் வெளியே வர வேண்டும். அடுத்த சுற்றுக்கு மறுபடியும் அதே வேலை.

இத்தனைக்கும் காந்தவிசைக்கு வளையத்தைவிட உகந்த வடிவம் வேறில்லை. விசைக்கோடுகள் இரும்புக்குள்ளேயே வட்டமாக ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்துசேர்கின்றன. இடைவெளி இல்லை, ஒட்டு இல்லை, வெளியே கசிவதும் மிகக் குறைவு. சுமை இல்லாதபோது இழுக்கும் மின்சாரம் குறைவு, இரைச்சலும் குறைவு. தரமான ஆடியோ ஆம்ப்ளிஃபையர்களைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே கனத்த வட்டமாக ஒரு மின்மாற்றி உட்கார்ந்திருக்கும். ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்ற ஓசை வராமலிருக்க அது ஒரு காரணம்.

சரியான வடிவம் முதல் நாளே கிடைத்துவிட்டது. அதைச் சுற்றும் வழிதான் கிடைக்கவில்லை. இந்த ஓர் இடறலால் வளையம் நெடுங்காலம் ஓரமாக நிற்க நேர்ந்தது.

1885இல் புடாபெஸ்ட் நகரின் கான்ஸ் தொழிற்சாலையில் கரோய் சிப்பெர்னோவ்ஸ்கி, ஓட்டோ பிளாத்தி, மிக்ஷா தேரி என்ற மூன்று பொறியாளர்கள் தொழிலுக்கு உதவும் மின்மாற்றியை உருவாக்கினார்கள். அவர்களுக்கு முன் கோலார், கிப்ஸ் இருவரும் செய்தவற்றில் இரும்புப் பாதை திறந்தே கிடந்தது. காந்தவிசை காற்றில் வீணானது. ஹங்கேரியர்கள் பாதையை மூடினார்கள். அவர்கள் செய்த இரண்டு வகைகளில் ஒன்று, இரும்பு வளையத்தின் மேல் செம்புக் கம்பி சுற்றியது. அதே ஆண்டு புடாபெஸ்ட் கண்காட்சியில் அந்த மின்மாற்றிகளால் விளக்குகள் எரிந்தன. அத்தனையிலும் கம்பி கையால்தான் ஏறியது.

அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தார் கணக்கு வேறு விதமாகப் போனது. வில்லியம் ஸ்டான்லி 1886இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரேட் பாரிங்டன் ஊரில் மாறுமின்சாரத்தால் கடைத்தெருவுக்கு விளக்கேற்றிக் காட்டினார். அவரும் சகாக்களும் இரும்புத் தகடுகளை ‘ஈ’ எழுத்து வடிவில் வெட்டி அடுக்கினார்கள். சுருளைத் தனியாகப் பாபினில் சுற்றிக்கொள்ளலாம்; பிறகு தகடுகளை அதற்குள் செருகலாம்; திறந்த பக்கத்தை நேர்த்தகடுகளால் மூடலாம். காந்தவிசைக்கு இது வளையத்தைவிடக் குறைந்த ஏற்பாடுதான். மூட்டுகளில் இடைவெளி விழும், விசை கசியும். ஆனாலும் வேலை சுலபம், கூலி மிச்சம். இன்றும் நம் ஊர் ஸ்டெபிலைசர் பட்டறைகளில் ‘ஈ-ஐ’ தகடு அடுக்குகிறார்களே, அதன் மூலம் இதுதான். கைக்கு எது எளிதோ அதுவே சந்தையைப் பிடித்தது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு அதுதான் நியாயமான முடிவு.

வளையத்தை மறுபடி உள்ளே அழைத்தது தொலைபேசி. நீண்ட தூரக் கேபிளில் பேச்சு தேய்ந்து, கலங்கிப் போவது அக்காலத்தில் பெரும் தலைவலி. வழியில் ஆங்காங்கே சுருள்களைச் சேர்த்தால் பேச்சு தெளிவாகப் போய்ச்சேரும் என்பதற்கான கணிதத்தை இங்கிலாந்தின் ஆலிவர் ஹெவிசைடு 1887இல் கொடுத்திருந்தார். அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவின் ஜார்ஜ் கேம்ப்பெல்லும், செர்பியக் குடும்பத்திலிருந்து அங்கே போய்க் குடியேறிய மைக்கேல் புப்பினும். 1900இல் புப்பினுக்குக் காப்புரிமை கிடைத்தது. பிறகு கேபிள் பாதைகளில் ஏறத்தாழ 6,000 அடிக்கு ஒரு சுருள் என்பது வழக்கமானது.

இங்கே ‘ஈ’ தகடு உதவாது. பல இணைப்புகளின் சுருள்களை ஒரே இரும்புப் பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். காந்தவிசை கசிந்தால் ஒருவர் பேசுவது பக்கத்து இணைப்பில் கேட்கும். கசியாத வடிவம் ஒன்றே ஒன்றுதான். ஒன்றிரண்டாக இருந்தால் கையால் சுற்றிவிடலாம். ஊருக்கு ஊர் கேபிள் போகும்போது ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டது. எல்லாவற்றிலும் சுற்றுகளின் எண்ணிக்கை பிசகக் கூடாது. வளையம் சுற்றும் இயந்திரத்துக்குத் தேவை பிறந்தது அப்போதுதான். ஃபாரடேக்கு ஒரு நாள் வாய்த்ததைப் போல இதற்கு ஒரு பிறந்தநாள் கிடையாது. பல பட்டறைகளில், பல காப்புரிமைகளில், கொஞ்சம் கொஞ்சமாக உருவான பொருள் இது.

அந்த இயந்திரத்தின் உயிர் ஷட்டில். அதுவும் ஒரு வளையம்தான், ஆனால் ஓரிடத்தில் திறக்கும் வளையம். திறந்து, கோர் எனப்படும் சுற்ற வேண்டிய இரும்பு வளையத்தின் துளைக்குள் விட்டு, மறுபடி மூடிவிட்டால் இரண்டும் சங்கிலிக் கண்ணிகளாகக் கோத்துக்கொள்ளும். கம்பி முழுவதையும் ஒவ்வொரு முறையும் இழுக்கத் தேவையில்லை; கம்பியை ஷட்டிலே சுமந்துகொண்டு துளைக்குள் போய்ப் போய் வரும். தறியில் நாடா தார்க்குச்சியைச் சுமந்தபடி பாவு இழைகளுக்குள் ஓடுகிறதே, அந்த யோசனைதான். நாடா போய்த் திரும்பும். ஷட்டில் ஒரே திசையில் சுழன்றுகொண்டே இருக்கும்.

ஒரு வளையத்தைக் கையில் எடுத்துக்கொள்வோம். வெளிவிட்டம் 100 மி.மீ., உள்விட்டம் 60, உயரம் 40. வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டுக்கு இதில் ஏறக்குறைய 900 சுற்று வேண்டியிருக்கும். ஒரு சுற்றுக்கு 120 மி.மீ. கம்பி என்றால் 108 மீட்டர். அடியில் போடும் டேப்பும், அடுக்கு ஏற ஏறக் கூடும் நீளமும் சேர்த்து 120 மீட்டருக்கு மேலேயே வைத்துக்கொள்வார் இயந்திரத்தில் நிற்பவர். முதல் வேலை இந்தக் கம்பியை ஷட்டிலில் ஏற்றுவது. இங்கே கணக்குத் தப்பினால் 850ஆவது சுற்றில் கம்பி தீர்ந்துபோகும். நடுவில் ஒட்டுப் போட்ட சுருளை நல்ல பட்டறையில் ஏற்கமாட்டார்கள். கூடுதலாக ஏற்றினால் செம்பு கழிவாகும். செம்பு விற்கும் விலையில் அதுவும் தாங்காது.

கம்பியின் நுனியைக் கோரில் நிறுத்திவிட்டு இயந்திரத்தை ஓட்டுகிறார்கள். மூன்று ரப்பர் உருளைகள் கோரைப் பிடித்து மெதுவாகத் திருப்புகின்றன. ஷட்டில் வேகமாகச் சுழல்கிறது. ஷட்டிலின் ஒரு சுழற்சி, கோரில் ஒரு சுற்று. கவுண்டர் எண்ணிக்கொண்டே போகும். கோர் திரும்பும் வேகமே கம்பிகளுக்கிடையிலான இடைவெளியைத் தீர்மானிக்கிறது. கம்பியின் இழுவிசை இன்னொரு நுணுக்கம். தளர்ந்தால் சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று தாவும்; இறுகினால் கோரின் விளிம்பில் எனாமல் கீறிக்கொள்ளும். அரை மி.மீ. கம்பி எனாமலோடு 0.55 மி.மீ. வரும். வளையத்தின் உள்சுற்றளவு 188 மி.மீ., வெளிச்சுற்றளவு 314. ஆகவே 900 சுற்றும் வெளிப்பக்கம் இரண்டு அடுக்குக்குள் அடங்கிவிடும். உள்பக்கம் மூன்றாவது அடுக்குக்குப் போய்விடும். வளையம் சுற்றுவதன் சிக்கல் எல்லாம் உள்பக்கத்தில்தான். ஒவ்வொரு அடுக்கும் துளையைச் சுருக்குகிறது. கடைசிச் சுற்று விழுந்த பிறகும் ஷட்டில் புகுந்து வர இடம் இருக்க வேண்டும். வடிவமைப்பாளர் தாளில் நிரப்பிவிட்ட துளையை, இயந்திரத்தில் நிற்பவர் காலியாக வைத்துக் கேட்பார். அவர் கேட்பதுதான் சரி.

டேப் சுற்றும் இயந்திரம் இதன் உடன்பிறப்பு. ஷட்டிலில் கம்பிக்குப் பதில் பாலியஸ்டர் டேப். வெறும் கோருக்கு ஒரு டேப், முதல் சுருளுக்கும் இரண்டாம் சுருளுக்கும் நடுவே டேப், கடைசியில் மேலே ஒரு டேப். பார்ப்பவர்களுக்குக் கட்டுப் போட்ட மாதிரி தெரியும் இந்த வேலையை நான் கம்பி சுற்றுவதற்கு ஒரு படி மேலேயே வைப்பேன். மின்மாற்றியைத் தொடுபவரின் உயிர் முதல் சுருளுக்கும் இரண்டாம் சுருளுக்கும் நடுவே இருக்கும் அந்த டேப்பில்தான் இருக்கிறது. 20 மி.மீ. அகல டேப்பைப் பாதிக்குப் பாதி ஏறும்படி விட்டால் வெளிப்பக்கம் எங்கும் இரண்டு அடுக்கு விழும். அதே டேப் உள்பக்கத்தில் 10 மி.மீ.க்குப் பதில் 6 மி.மீ.தான் நகர்கிறது, அங்கே மூன்று அடுக்குக்கு மேல் சேர்ந்துவிடும். உள்ளே பருமன் குறையட்டும் என்று நகர்வைக் கூட்டினால் வெளிப்பக்கம் ஒற்றை அடுக்காகிவிடும். அந்த இடம் பிறகு சோதனையில் மின்னழுத்தம் தாங்காமல் உடைந்து காட்டிக்கொடுக்கும். டேப்பில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் மேலே வரும் கம்பி சீராக உட்காராது. வேகத்தை எங்கே குறைப்பது என்பது கையால்தான் தெரியும். எழுதிவைத்த அட்டவணை பாதி வழிக்குத்தான் வரும்.

இரும்பும் இதற்கிடையே மாறிப்போனது. அமெரிக்காவின் நார்மன் காஸ் 1934இல் காப்புரிமை பெற்ற சிலிக்கான் எஃகில், தகடு உருட்டப்பட்ட திசையில் காந்தவிசை மிக எளிதாக ஓடும். ‘ஈ’ தகட்டில் சில இடங்களில் விசை அந்தத் திசைக்குக் குறுக்கே போக வேண்டியிருக்கும். நாடாவாக வெட்டி வளையமாகச் சுருட்டினால் வழி முழுக்க அதே திசைதான். நல்ல எஃகும் ஷட்டிலும் சேர்ந்த பிறகு, ஓரமாக நின்றிருந்த வளையம் கருவிகளுக்குள் தாராளமாக நுழைந்தது.

பொருத்துபவர்கள் மறக்கக் கூடாத ஒன்று. வளைய மின்மாற்றியை நடுவே ஒரு போல்ட் விட்டுத்தான் இறுக்குவார்கள். அந்த போல்ட்டின் மேல்முனையும் கீழ்முனையும் இரும்புப் பெட்டியைத் தொட்டுவிட்டால், போல்ட்டும் பெட்டியும் சேர்ந்து குறுக்கிணைப்பான ஒரு சுற்றாகிவிடும். மின்மாற்றி சூடேறி எரிந்துபோகும். துளைக்குள் எது போனாலும் அது ஒரு சுற்றுதான்.

இதே குணத்தால்தான் துளை பயனும் தருகிறது. மின்பலகையில் உள்ள கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரில் பெரிய கம்பி துளை வழியாகச் சும்மா நுழைந்து போகிறது. அதுவே ஒரு சுற்று. வளையத்தில் 20 சுற்று இருந்தால் 100 ஆம்பியர் 5 ஆம்பியராக மீட்டருக்கு வருகிறது. வீட்டில் இருக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புச் சுவிட்சுக்குள்ளும் ஒரு சிறு வளையம் உண்டு. போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் அதன் வழியே செல்கின்றன. இரண்டும் சமமாக இருக்கும்வரை வளையம் சும்மா இருக்கும். 30 மில்லி ஆம்பியர் யாரோ ஒருவர் உடல் வழியாக மண்ணுக்குப் போனால் அந்தச் சுவிட்ச் இணைப்பைத் துண்டித்துவிடும்.

எல்லா வளையத்தையும் இயந்திரம் சுற்றிவிடுகிறது என்று எண்ண வேண்டாம். ஷட்டில் நுழைய முடியாத சிறு துளைகளுக்குக் கொக்கியால் கம்பியை இழுக்கும் இயந்திரங்கள் உண்டு. நெட்வொர்க் கேபிள் செருகும் துவாரத்துக்குப் பின்னால் இருக்கும் சில மி.மீ. வளையங்களைப் பெரும்பாலும் கையால்தான் சுற்றிவந்திருக்கிறார்கள், சீனத் தொழிற்சாலைகளில் வரிசையாக உட்கார்ந்து.

பிளஸ் டூ இயற்பியலில் வட்ட வரிச்சுருளின் காந்தப்புலத்துக்குச் சூத்திரம் வருகிறது. மாணவர்கள் அதை எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். சுற்றின் எண்ணிக்கை அவர்களுக்கு வெறும் ஓர் எழுத்து. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய எலெக்ட்ரானிக்ஸ் பொருள் விற்கும் கடையில் ஒரு வளையக் கோரும் பத்து மீட்டர் எனாமல் கம்பியும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். சூத்திரம் எழுதும் முன்பு மாணவர் கையில் கொடுத்து 50 சுற்று சுற்றச் சொல்லுங்கள்.