கணினிக் கல்வியில் பொது அளவை



வெளிமாநிலங்களில் நெடுங்காலம் வாழ்ந்த நம் மூத்தோர் ஒரு செய்தியைச் சொல்வதுண்டு. ஊரில் பட்டணம் படியால் அளந்து அரிசி வாங்கியவர்கள், வடக்கே வந்தபின் சேர், மணங்கு என்னும் கணக்குக்குப் பழகவேண்டியிருந்தது. அந்தச் சேரும் ஓரிடத்தில் இருந்ததுபோல் மற்றோரிடத்தில் இராது. 1956-இல் எடை, அளவைகளுக்கான சட்டம் நிறைவேறி, 1958 அக்டோபர் முதல் கிலோவும் லிட்டரும் படிப்படியாக நடைமுறைக்கு வந்த பின்னரே அத்தொல்லை நீங்கியது. கிலோ எந்த வணிகருக்கும் சொந்தமன்று. அதன் இலக்கணம் எல்லோரும் அறியுமாறு எழுதிவைக்கப்பட்டுள்ளது. அதன்படி எவரும் எடைக்கல் வார்க்கலாம்; எவரும் அதைச் சரிபார்க்கலாம். கணினித் துறையில் 'திறந்த தரம்' என்று வழங்குவது இத்தகையதே. 'பொது அளவை' என்றால் இன்னும் எளிதாக விளங்கும்.

இந்தப் பொது அளவையை நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் எவ்வாறு கற்பித்தன, அதனால் விளைந்த பயன் யாது, இன்று கல்லூரி வாயிலில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு அவ்வரலாறு எதை உணர்த்துகிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கணினியின் தொடக்க நாட்களில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒவ்வொரு மொழி இருந்தது. ஒரு நிறுவனத்தின் இயந்திரத்துக்காக எழுதிய கட்டளைகள் மற்றொன்றில் செல்லா. இயந்திரத்தை மாற்றினால், அதுவரை எழுதியவற்றை எல்லாம் எறிந்துவிட்டு மீண்டும் தொடங்கவேண்டும். இதனை மாற்ற எழுந்த முயற்சிகள் இரண்டு. 1957-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் என்னும் மொழி ஒன்று. அது அறிவியல் கணக்குகளுக்கு உரியது. முதலில் ஒரு நிறுவனத்தின் சரக்காக இருந்த அது, 1966-இல் அமெரிக்கப் பொதுத் தரமாக வரையறுக்கப்பட்டது. மற்றொன்று கோபால். நம் வீட்டுப் பிள்ளையின் பெயர்போல ஒலித்தாலும், இது வணிகத்துக்கும் அலுவலகக் கணக்குகளுக்கும் என்றே வகுக்கப்பட்ட மொழி. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவுடன் பல நிறுவனங்களைச் சேர்ந்தோர் 1959-இல் கூடி இதனை வகுக்கத் தொடங்கினர். 1960 டிசம்பரில் ஒரே கோபால் நிரலை, வெவ்வேறு நிறுவனங்கள் செய்த இரண்டு கணினிகளில் இயக்கிக் காட்டினர். ஒருவர் எழுதியது மற்றவர் இயந்திரத்திலும் செல்லும் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது.

நம் நாட்டில் இக்கல்வி வேரூன்றிய இடம் கான்பூர். அங்குள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு, ஒன்பது அமெரிக்கக் கல்வி நிலையங்களின் துணையுடன், 1963 ஆகஸ்டில் ஐ.பி.எம். 1620 என்னும் கணினி வந்து சேர்ந்தது. அவ்வாண்டிலேயே அங்கு ஆசிரியப் பணியில் சேர்ந்தவர் பேராசிரியர் வை. ராஜாராமன். 1933-இல் ஈரோட்டில் பிறந்தவர் இவர். வெளிமாநிலத் தமிழராகிய நமக்கு இவரிடத்துத் தனி உரிமை உண்டு. இவர் பள்ளிப்படிப்பை முடித்தது தலைநகரில், மதராஸி கல்விச் சங்கம் நடத்திய பள்ளியில். அச்சங்கமே பின்னாளில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்தது. வேலை தேடி வடக்கே வந்த தமிழ்க் குடும்பங்கள் தம் மக்களுக்காக ஏற்படுத்திய பள்ளியில் படித்த மாணவர், நாடு முழுவதற்கும் கணினி ஆசிரியரானார்.

கான்பூரில் நிகழ்ந்த சிறப்பான செயல் யாது? இயந்திரத்தை இயக்கும் விதத்தை மட்டும் கற்பித்துவிட்டு அவர்கள் நின்றுவிடவில்லை. ஃபோர்ட்ரானைக் கற்பித்தார்கள். தம் மாணவர்க்கு மட்டுமன்றி, பிற கல்லூரிகளிலிருந்தும் ஆய்வுக்கூடங்களிலிருந்தும் வந்தோர்க்கும் குறுகிய காலத் தீவிர வகுப்புகள் நடத்தினார்கள். 1966-இல் ஐ.பி.எம். 7044 என்னும் பெரிய கணினி வந்தது. அதன் உள்ளமைப்பு பழையதினின்று முற்றும் வேறானது. ஆயினும் ஃபோர்ட்ரான் கற்றிருந்தவர்கள் மீண்டும் அரிச்சுவடி படிக்க நேரவில்லை. ராஜாராமன் தம் வகுப்புக் குறிப்புகளைத் தொகுத்து 1969-இல் குறைந்த விலைப் பாடநூலாக வெளியிட்டார். கணினியைக் கண்ணாற் காணாத பல ஊர்களின் மாணவர்களும் அந்நூலின் வாயிலாக அக்கலையைக் கற்றனர். கான்பூரில் அவருடன் பணியாற்றிய பேராசிரியர் மகாபலா 1973-இல் சென்னைக்கு வந்து, அங்குள்ள தொழில்நுட்பக் கழகத்தில் இக்கல்வியை வளர்த்தார்.

பொது அளவையின் அருமை சோதனைக் காலத்தில்தான் முழுமையாகத் தெரியவரும். அச்சோதனை 1978-இல் வந்தது. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் 1973-இல் நிறைவேறியபின், அயல்நாட்டு நிறுவனங்கள் தம் இந்தியக் கிளைகளில் இந்தியர்க்குப் பெரும்பங்கு அளிக்கவேண்டும் என்று அரசாங்கம் வற்புறுத்தியது. ஐ.பி.எம். அதற்கு இணங்காமல் 1978-இல் நாட்டை விட்டு வெளியேறியது. அதன் கணினிகளைப் பேணும் பொறுப்பு சி.எம்.சி. என்னும் அரசு நிறுவனத்துக்கு வந்தது. ஹைதராபாதில் இ.சி.ஐ.எல். செய்த கணினிகளும், பல நாடுகளிலிருந்து வந்த வெவ்வேறு கணினிகளும் அலுவலகங்களில் இடம்பெற்றன. ஒரு நிறுவனத்தின் பொறிகளை மட்டும் பயின்றிருந்தவர் அந்நாளில் திகைத்திருப்பார். ஃபோர்ட்ரானும் கோபாலும் கற்றிருந்தவருக்கோ, இயந்திரம் மாறினாலும் கல்வி கைவிட்டுப் போகவில்லை.

இதே காலத்தில் மேனாட்டுப் பல்கலைக்கழகங்களில் வேறொரு வரலாறு நிகழ்ந்துகொண்டிருந்தது. அதனைச் சற்றே அறிந்தால்தான் நம் நாட்டில் பின்னர் நடந்தது விளங்கும். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பை உருவாக்கத் தொடங்கினர். கணினியின் உறுப்புகளை எல்லாம் ஆண்டு நடத்தும் அடிப்படை மென்பொருளே இயக்க அமைப்பு. 1973-இல் அதனை 'சி' என்னும் மொழியில் மாற்றி எழுதினர். அதனால் ஓர் இயந்திரத்திலிருந்து மற்றோர் இயந்திரத்துக்கு அதனைக் கொண்டுசெல்லுதல் எளிதாயிற்று. பெல் ஆய்வுக்கூடத்தின் உரிமையாளரான தொலைபேசி நிறுவனம், 1956-இல் ஏற்பட்ட ஒரு நீதிமன்ற உடன்பாட்டினால் கணினி வணிகத்தில் இறங்க இயலாதிருந்தது. ஆகவே யூனிக்ஸின் மூல நிரல்கள் பல்கலைக்கழகங்களுக்குச் சொற்பக் கட்டணத்தில் கிடைத்தன.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்னும் பேராசிரியர் அம்மூல நிரலை வரிக்குவரி விளக்கி, மாணவர்க்கென ஓர் உரை எழுதினார். நூற்பாவுக்கு உரையாசிரியர் உரை வகுப்பது போன்றது அப்பணி. மெய்யான ஓர் இயக்க அமைப்பைத் தலைமுதல் கால்வரை மாணவர்கள் அதன்மூலம் படித்தறிந்தனர். ஆனால் 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் பதிப்பின் உரிம விதிகள், மூல நிரலை வகுப்பறையில் கற்பிப்பதைத் தடுத்தன. லயன்ஸின் உரை பல ஆண்டுகள் கைக்குக் கை படியெடுக்கப்பட்டே உலவியது. 1996-இல்தான் முறையாக நூலாயிற்று. கதவு அடைபட்டது கண்டு, நெதர்லாந்தில் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் கற்பிப்பதற்கென்றே மினிக்ஸ் என்னும் சிறிய அமைப்பை எழுதி 1987-இல் வெளியிட்டார். அதனைப் பயன்படுத்திய பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸைத் தொடங்கினார். யூனிக்ஸ் போன்ற அமைப்புகளின் பொது இலக்கணமோ 1988-இலேயே போசிக்ஸ் என்ற பெயரில் தரமாக வெளிவந்துவிட்டது. உடைமை ஒருவருடையதாக இருக்கும்வரை, கொடுத்த கை எந்நேரமும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பதே இவ்வரலாற்றின் படிப்பினை.

மீண்டும் நம் நாட்டுக்கு வருவோம். 1983-இல் ரிசர்வ் வங்கி, வங்கிப் பணிகளை இயந்திரமயமாக்குவது குறித்து ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் அப்போதைய துணை ஆளுநர் டாக்டர் சி. ரங்கராஜன், இவரும் தமிழரே. 1984-இல் அக்குழுவின் அறிக்கை வந்தது. காசோலையின் அடியில் காந்த மையால் அச்சிடப்பட்டிருக்கும் எண்களை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். எந்த வங்கியின் காசோலையையும் எந்த வங்கியின் இயந்திரமும் படிக்கவல்ல அப்பொது வடிவம், அக்குழு பரிந்துரைத்த மாற்றங்களுள் ஒன்று. வங்கிகளின் கணினிகளுக்கு யூனிக்ஸும், அவற்றின் நிரல்களுக்குக் கோபாலும் பொதுவாகக் கொள்ளப்பட்டன. ஆகவே இந்தியக் கணினி நிறுவனங்கள் பலவும் யூனிக்ஸ் பொறிகளைச் செய்ய முற்பட்டன. கல்லூரிகளில் யூனிக்ஸும் சி மொழியும் பாடமாயின. பின்னர் உலக நாடுகள் அவ்வமைப்பில் வல்லவர்களைத் தேடியபோது, நம் இளைஞர்கள் ஆயத்தமாக நின்றனர். மென்பொருள் ஏற்றுமதியில் நம் நாடு பெற்ற உயர்வுக்குக் காரணங்கள் பல; இது அவற்றுள் ஒன்று.

அலுவலகத்துக்கும் வணிகத்துக்கும் வேண்டிய மென்பொருள் திறமையைப் பல்கலைக்கழகம் கற்பிக்கலாமா என்ற வினாவும் அக்காலத்தில் எழுந்தது. மின்னணு ஆணையத்தின் சார்பில் ராஜாராமன் தலைமையில் கூடிய குழு, 'எம்.சி.ஏ.' என்னும் கணினிப் பயன்பாட்டு முதுகலைப் படிப்பைப் பரிந்துரைத்தது. 1980களின் தொடக்கத்தில் அது பல்கலைக்கழகங்களில் தொடங்கிற்று. பொறியியல் படியாத பட்டதாரிகளுக்கும் அது வழி திறந்தது. கணக்கியலும் நிர்வாகமும் அறிந்து, ஓர் அலுவலகத்தின் நடைமுறையை ஆராய்ந்து, அதற்கேற்ற மென்பொருளை வகுப்பவரை உருவாக்குவது அதன் நோக்கம். அன்று மூன்றாண்டுகளாக இருந்த அப்படிப்பின் இறுதி அரையாண்டை மாணவர் ஒரு நிறுவனத்தில் பயிற்சியாகக் கழிக்கவேண்டியிருந்தது. தொழிலகத்தையும் வகுப்பறையையும் இணைத்த ஏற்பாடு அது.

இங்கே ஒரு மறுப்பும் எழக்கூடும். "வேலை தரும் நிறுவனங்கள் குறிப்பிட்ட ஒரு விற்பனைப் பொருளில் பயிற்சியைத்தானே கேட்கின்றன? பொது அளவையைக் கற்றவனுக்கு முதல் நாளே வேலை கிடைக்குமா?" என்பர். நியாயமான கேள்விதான். கைப்பழக்கமின்றிக் கோட்பாடு மட்டும் கற்றவன், ஏட்டுச் சுரைக்காயை வைத்துக் கறி சமைக்கப் புகுந்தவன் போலாவான். ஆனால் வரிசையை மாற்றக்கூடாது. தரவுத்தளத் துறையை எடுத்துக்கொள்வோம். 1970-இல் எட்கர் காட் வெளியிட்ட கோட்பாட்டின் வழிவந்தது எஸ்.க்யூ.எல். என்னும் மொழி. 1986-இல் அமெரிக்கத் தரமாகவும் 1987-இல் உலகத் தரமாகவும் அது ஏற்கப்பட்டது. அதனைச் செம்மையாகக் கற்றவர், எந்த நிறுவனத்தின் தரவுத்தளத்தையும் சில வாரப் பழக்கத்தில் ஆள்வார். ஒரு நிறுவனத்தின் திரைகளையும் பொத்தான்களையும் மட்டும் கற்றவரோ, புதிய பதிப்பு வந்ததும் மீண்டும் கட்டணம் கட்டிப் பயிற்சிக்குச் செல்லவேண்டும். பொருளைப் பயிற்சிக்குக் கொள்ளலாம். அதையே பாடமாகக் கொள்ளலாகாது.

இவ்வுண்மையை அரசும் உணர்ந்து செயற்பட்டதுண்டு. 2005-இல் மத்திய அரசின் ஆதரவில், சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சேர்ந்து, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை ஏற்படுத்தின. கல்லூரிகளுக்கு அத்துறையில் பாடமும் பயிற்சியும் வகுத்தல் அதன் பணிகளுள் ஒன்று. 2010-இல் மின்னாளுமைக்கான திறந்த தரக் கொள்கையை மத்திய அரசு வெளியிட்டது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இதன் அருமையை நான் நாள்தோறும் உணர்கிறேன். முன்பெல்லாம் ஒவ்வோர் அலுவலகமும் தனக்கென ஒரு தமிழ் எழுத்துருவை வைத்திருந்தது. ஓரிடத்தில் தட்டெழுதி அனுப்பிய தமிழ் மற்றோரிடத்தில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றியது. மொழிபெயர்த்த முழு அறிக்கையை மீண்டும் தட்டெழுதிய நாட்கள் உண்டு. யூனிகோடு என்னும் உலகப் பொதுத் தரத்தில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்றிருந்தது. மத்திய அரசு 2009-இலும் தமிழ்நாட்டு அரசு 2010-இலும் அதனை ஏற்றபின் நிலைமை சீர்பட்டது. கௌஹாத்தியிலிருந்து அனுப்பும் தமிழ்க் கடிதம் மதுரையில் பிழையின்றித் திறப்பது இப்பொது அளவையால்தான்.

ஆகவே, பிள்ளைகளைக் கணினிப் படிப்பில் சேர்க்கும் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். கல்லூரியின் கட்டடங்களையும் அது பெற்றுத்தரும் நிறுவனச் சான்றிதழ்களையும் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாடத்திட்டத்தை வாங்கிப் படியுங்கள். கற்பிக்கப்படுவது ஒரு நிறுவனத்தின் பொருளா, அப்பொருளுக்கு அடிப்படையான பொது இலக்கணமா என்று ஆசிரியரைக் கேளுங்கள். மாணவர்கள் மெய்யான நிரல்களைப் பிரித்துப் பார்த்துப் படிக்கிறார்களா, அலுவலகம் ஒன்றின் நடைமுறையை நேரில் ஆராய வாய்ப்புண்டா என்றும் விசாரியுங்கள். நாமும் நம் முன்னோரும் ஊர்விட்டு ஊர் வந்து பிழைத்தவர்கள். எந்த ஊரிலும் செல்லுபடியாகும் கல்வியின் மதிப்பை நம்மைவிட நன்கு அறிந்தவர் எவர்? அக்கல்வியைக் கேட்டுப் பெறும் உரிமையும் நமக்கு உண்டு.