மீனெண்ணெயும் மதுமேகமும்

காட் மீனின் ஈரல்களைப் பீப்பாய்களில் இட்டு அழுகவிட்டு, மேலே மிதந்து வரும் பழுப்பு எண்ணெயை வழித்தெடுத்து நோவுக்கும் குளிருக்கும் மருந்தாகப் பருகுவது நார்வே மீனவர்களின் நெடுநாளைய வழக்கம். 1850-களில் பீட்டர் மெல்லர் என்பவர் ஈரலை நீராவியில் உருக்கும் முறையைக் கண்ட பின்னரே அதன் துர்நாற்றம் ஒருவாறு தணிந்து, பல தேசத்துக் குழந்தைகளும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதை விழுங்கும் பாக்கியத்தைப் பெற்றார்கள்.

கடல் கொழுப்புக்கும் மதுமேகத்துக்கும் சம்பந்தம் உண்டோ என்னும் ஐயம் பிறந்தது கிரீன்லாந்தின் பனிக்கரையில். 1970-ல் பாங், டையர்பெர்க் என்ற டேனிஷ் வைத்தியர்கள் உமனாக் என்னும் இடத்துக்குச் சென்று, கடல்நாயும் திமிங்கிலமும் மீனுமே பிரதான ஆகாரமாகக் கொண்டிருந்த 130 பேருடைய இரத்தத்தைச் சோதித்து, அத்தனை கொழுப்பு உண்டும் அவர்கள் இரத்தத்தில் கொழுப்பு குறைவாயிருந்த விந்தையைக் கண்டனர். பத்தாண்டு கழித்து வெளியான மற்றோர் ஆராய்ச்சி, அதே கிரீன்லாந்தின் உபர்னவிக் பிரதேசத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 1,800 ஜனங்களைப் பற்றிய 25 வருஷத்து நோய்க் குறிப்புகளைப் புரட்டி, டென்மார்க்கின் கணக்குப்படி 9 பேருக்கு மதுமேகம் கண்டிருக்க வேண்டிய இடத்தில் ஒருவருக்கே கண்டிருந்ததாகத் தெரிவித்தது. அவர்கள் கொழுப்பைத் தின்றவர்கள் மட்டுமா? பனியில் வேட்டைக்கு அலைந்து, தானியத்தையும் சர்க்கரையையும் நம்மைப்போல் உண்ணாமல் வாழ்ந்தவர்கள் அல்லவா? ஆயினும் கீர்த்தி முழுவதும் எண்ணெய்க்கே போயிற்று. உழைப்பைக் குப்பியில் அடைத்து விற்க முடியாது என்பதும் அதற்கு ஒரு காரணமாயிருக்கலாம்.

1988-ல் வெளியான ஒரு பரீட்சையில், மதுமேகம் கொண்ட ஆறு ஆடவருக்கு ஒரு மாத காலம் மீனெண்ணெய் மிகுதியாகக் கொடுத்துப் பார்த்தபோது, இரத்தத்தில் சர்க்கரை இறங்குவதற்குப் பதில் ஏறிற்று. ஆறு பேரைக் கொண்டு தீர்ப்புச் சொல்வது நியாயமன்று. ஆனாலும் சர்க்கரையைத் தணிக்கும் என்ற ஆசை அதன் பின்னர் சற்று அடங்கி, மதுமேகிகளைக் கொல்லும் இருதய நோயையேனும் இவ்வெண்ணெய் தடுக்குமா என்ற கேள்வியே மேலோங்கிற்று.

அதற்கு விடை காண, 2005 முதல் ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்கள், இருதய நோய் இன்னும் வெளிப்படாத 15,480 மதுமேகிகளைப் பிரிட்டனில் திரட்டி, பாதிப்பேருக்கு நாள்தோறும் ஒரு கிராம் மீனெண்ணெய்க் குளிகையும், மற்றப் பாதிப்பேருக்கு அதைப்போன்றே தோன்றும் ஆலிவ் எண்ணெய்க் குளிகையும், யாருக்கு எது என்பது வெளிப்படாதபடி கொடுத்து, சராசரி ஏழாண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையுடன் கவனித்து வந்தார்கள். 2018-ல் மறைப்பு நீங்கியது. கடுமையான இருதய, இரத்தக்குழாய் விபத்துகளுக்கு ஆளானவர்கள் மீனெண்ணெய் உண்டவரில் 8.9 சதவீதம், ஆலிவ் எண்ணெய் உண்டவரில் 9.2 சதவீதம். அந்தச் சிறு வித்தியாசத்தைக் கணித சாஸ்திரம் வித்தியாசமென்றே ஒப்புக்கொள்ளவில்லை.