ஐசொலேட்டர்

எழுதும்போதும் படிக்கும்போதும் கவனம் சிதறாமல் இருக்க ஹியூகோ கெர்ன்ஸ்பாக் வடிவமைத்த தலைக்கவசம். தாம் நடத்திய ‘சயின்ஸ் அண்ட் இன்வென்ஷன்’ இதழில் 1925 ஜூலையில் இதைப் படத்தோடு அறிமுகப்படுத்தினார். மேசை முன்னால் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார். தலையும் கழுத்தும் முழுக்கக் கவசத்துக்குள். பக்கத்தில் ஆக்சிஜன் உருளை, அதிலிருந்து வாய்ப்பகுதிக்கு ஒரு குழாய். ஆழ்கடலில் இறங்கப்போகிறவர் வழிதவறி அலுவலகத்துக்கு வந்துவிட்டது போலிருக்கும்.

சத்தத்துக்கு எதிரான போர் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. லண்டனின் செல்சீ பகுதியில் வாழ்ந்த எழுத்தாளர் தாமஸ் கார்லைல், பக்கத்து வீட்டுச் சேவல்களையும் பியானோவையும் தாங்க முடியாமல் 1853-54இல் மாடியின் உச்சியில் இரட்டைச் சுவர் வைத்து ஓர் அறை கட்டினார். வெளிச்சத்துக்குக் கூரையில் மட்டும் கண்ணாடி. பக்கத்துச் சத்தம் ஓரளவு குறைந்தது. அதுவரை கேட்காத தொலைதூரச் சத்தங்கள் கூரை வழியே வந்து சேர்ந்தன. ஆனாலும் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக்கின் பெரிய வரலாற்றை அவர் எழுதியது அங்கேதான். பாரிஸில் மார்செல் புரூஸ்ட் 1910இல் தம் படுக்கையறைச் சுவர்களில் தக்கை பதித்தார். இருவரும் அறையை அடைத்தார்கள். கெர்ன்ஸ்பாக் தலையையே அடைத்தார்.

லக்சம்பர்க்கில் 1884இல் பிறந்து, 1904இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர் அவர். வானொலி உதிரிபாக வியாபாரம், மின்னியல் இதழ்கள், நியூயார்க்கில் ஒரு வானொலி நிலையம் என்று எதையும் விட்டுவைக்காதவர். அறிவியல் புனைகதைக்கென்றே தொடங்கிய முதல் ஆங்கில இதழான ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ 1926இல் அவர் கொண்டுவந்ததுதான். அத்துறையின் ஹியூகோ விருது அவர் பெயரால் வழங்கப்படுகிறது.

கவசத்தின் முதல் வடிவம் மரத்தால் ஆனது. உள்ளும் புறமும் தக்கை, அதன்மேல் கம்பளித் துணி. கண்ணுக்கு நேரே கண்ணாடி; வாய்க்கு நேரே, காற்றை விட்டு ஒலியைத் தடுக்கும் அடைப்பு. இது சத்தத்தை 75 விழுக்காடு தடுத்தது என்று அவரே கணக்குச் சொன்னார். சுவர்களுக்கிடையே காற்றிடைவெளி விட்டுச் செய்த அடுத்த வடிவத்தில் அது 90-95 ஆனதாம். இந்தக் கணக்கை வேறு யாரும் சரிபார்த்ததாகத் தெரியவில்லை. உள்ளேயே மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் கால் மணி நேரத்தில் தூக்கம் வந்துவிடும். ஆக்சிஜன் உருளை பின்னர் வந்து சேர்ந்தது அதற்காகத்தான்.

கருவியில் உண்மையிலேயே சுவாரசியமான பகுதி கண்ணாடிதான். அதற்குக் கறுப்பு வண்ணம் பூசி, மெல்லிய கோடாக மட்டும் சுரண்டி விட்டிருந்தார். எதிரே உள்ள தாளைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. காதைவிடக் கண் பெரிய எதிரி என்பதை அவர் புரிந்துவைத்திருந்தார். தொலைபேசியும் அழைப்புமணியும் வேலையைக் கெடுப்பது பாதிதான். சுவரில் ஊரும் ஈயையும் அசையும் திரையையும் பார்த்துக்கொண்டு மனிதன் தன்னைத்தானே கெடுத்துக்கொள்வது மறுபாதி என்பது அவர் வாதம். நோயை இவ்வளவு சரியாகக் கண்டவர் எழுதித் தந்த மருந்துதான் பொருந்தவில்லை. ஈயை மறைக்கலாம்; கவசத்துக்குள்ளேயே ஓடும் நினைப்பை எந்தத் தக்கையும் தடுக்காது.

ஐசொலேட்டர் கடைக்கு வந்து விற்பனையான பொருளாகவில்லை. 1967இல் கெர்ன்ஸ்பாக் இறந்தபோது அவர் நினைக்கப்பட்டது இதழாசிரியராகவே. இந்தப் படம் இணையக் காலத்தில்தான் மறுபடி உலகைச் சுற்றியது. 2018இல் ஜப்பானின் பானசோனிக் நிறுவனம், முகத்தின் இருபுறமும் துணித்தடுப்பும் சத்தம் குறைக்கும் ஹெட்போனும் சேர்ந்த ‘வேர் ஸ்பேஸ்’ என்ற கருவியைக் காட்டியது. அதுவும் அதே எண்ணத்தின் வாரிசு.

இவ்வகையில் நிலைத்தது மிக எளிய பொருள்தான். ஜெர்மானிய மருந்தாளர் மாக்ஸ் நெக்வெர் 1907இல் பெர்லினில் தொடங்கிய ‘ஓரோபாக்ஸ்’ நிறுவனம், மெழுகும் பஞ்சும் கலந்த காதடைப்பான்களை இன்றும் தயாரித்து விற்கிறது.