பச்சைக் கல்லுக்கு ஒரு பெயர்



பச்சை நிறக் கல்லொன்று கையிற் கிடைத்தால், "இது மரகதமா?" என்பதே நம்மவர் கேட்கும் முதற் கேள்வி. "என்ன விலை போகும்?" என்பது அடுத்தது. இவ்விரு கேள்விகளுக்கும் இடையே செய்ய வேண்டிய வேலை எவ்வளவு என்பதை, நமது நாட்டிலேயே அகப்பட்ட ஒரு கல்லின் வரலாற்றைக் கொண்டு சொல்ல விரும்புகிறேன்.

மணிகளை ஆராய்ந்து மதிப்பிடும் கலை தமிழருக்குப் புதிதன்று. மாணவருக்குச் சிலப்பதிகாரம் படிப்பிக்கையில், ஊர்காண் காதைக்கு வந்ததும் நான் சற்றுத் தரித்து நிற்பதுண்டு. மதுரையின் மணிக் கடைத்தெருவைக் கோவலன் காண்கிறான். அங்கு இளங்கோவடிகள் மணிகளின் அழகை மாத்திரம் பாடிவிட்டுப் போகவில்லை. கீற்று, இருள் முதலிய குற்றங்கள் நீங்கியதே நல்ல மரகதம் என்று வகுத்துச் சொல்கிறார். குற்றம் அறிந்தவனே குணத்துக்கு விலை சொல்லலாம் என்பது அந்தக் கடைத்தெருவின் இலக்கணம்.

ஆயினும் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. மரகதமும் பச்சை, சிர்க்கோனிலும் பச்சை உண்டு, தோரமல்லியிலும் பச்சை உண்டு. நிறம் ஒன்றை மட்டும் நம்பினால் மூன்றும் ஒன்றாகிவிடும்.

1953 ஆம் ஆண்டு, இரத்தினபுரி மாவட்டத்து எஹலியகொடையில், எஃப். எல். டி. ஏக்கநாயக்க என்னும் இரத்தினக்கல் ஆய்வாளர், பரற்கற் குழியொன்றிலிருந்து கிடைத்த கரும்பச்சைக் கற்களைக் கண்டார். அவை பின்னர் பரிசோதனைக்கு உட்பட்டன. காற்றிலும் நீரிலும் நிறுத்துப் பார்த்தால் ஒரு கல்லின் அடர்த்தி தெரியும். மரகதம் தண்ணீரைப் போல ஏறக்குறைய 2.7 மடங்கு கனமுடையது. சிர்க்கோன் சுமார் 4 மடங்கு. இந்தக் கல்லோ 3.28 மடங்கு. ஒளியை முறிக்கும் தன்மையில் மரகதத்தை அண்மித்து நின்றது; நிறையில் விலகி நின்றது. எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்தபோது பளிங்குக்குரிய ஒழுங்கமைப்பே தென்படவில்லை. கடுஞ்சூட்டில் வைத்தெடுத்த பின்னரே அந்த ஒழுங்கு மீண்டது.

காரணம் கல்லினுள்ளேயே இருந்தது. அதன் நிறையிற் கால் பங்குக்கு மேல் தோரியம் ஒக்சைட்டு. தோரியம் கதிர்த்தொழிற்பாடுடையது. 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாக அது வீசிய கதிர்கள், தான் குடியிருந்த வீட்டையே சிதைத்துவிட்டன. லண்டனில் பி. டபிள்யூ. அன்டர்சன், ஜி. எஃப். கிளேறிங்புல் முதலியோர் ஆராய்ந்து, இது உலகம் அதுவரை அறியாத கனிப்பொருள் என 1961 இல் அறிவித்தனர். 'ஏக்கனைற்' என்று கண்டவரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. கலாயோகி என நாம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி, கலை ஆராய்ச்சியிற் புகழ் பெறுமுன் புவிச்சரிதவியலாளராக இருந்தவர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைக்குத் தலைமை தாங்கினார். அக்காலத்திற் சப்பிரகமுவையிற் கிடைத்த கனமான கருங்கற்கள் யுரேனியத் தாது என்றே முதலிற் கருதப்பட்டன. 1904 இல் நடந்த இரசாயனப் பகுப்பு, அவை தோரியம் மிகுந்த புதுக் கனிப்பொருள் எனக் காட்டிற்று. அதுவே தோரியனைற்.

இனி விலைக்கு வருவோம். ஏக்கனைற் குவார்ட்ஸிலும் மென்மையானது. ஆதலால் எளிதிற் கீறுபடும். கதிர் வீசுவதால் மோதிரத்திற் பதித்து நாள் முழுதும் அணியத் தக்கதுமன்று. ஆபரணச் சந்தையில் அதற்கு இடம் குறைவு. ஆனால் அரிய கனிப்பொருள்களைச் சேர்ப்போரும் விஞ்ஞானிகளும் அதனைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதே கல்லை வேறொரு மணியின் பெயரால் விற்றிருந்தால், வாங்கியவர் பணத்தோடு உடல்நலத்தையும் பணயம் வைத்திருப்பார்.

கண்டெடுத்ததற்கும் பெயரிட்டதற்கும் இடையே 8 ஆண்டுகள். அறிந்த பெயர்களுள் ஒன்றை அவசரப்பட்டு ஒட்டிவிடாமல், தெரியாததைத் தெரியாதது என்றே வைத்து ஆராய்ந்த ஆண்டுகள் அவை. அந்தப் பொறுமையினாலேயே உலகக் கனிப்பொருட் பட்டியலில் இலங்கையர் ஒருவரின் பெயர் நிலைத்தது. கல்லை மாத்திரமன்று, சொல்லையும் மனிதரையும் மதிப்பிட முற்படும் எமக்கு அந்தப் பொறுமை வேண்டும்.