எடைக்குப் போட்ட மோட்டார்

கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கும் ஆலைகள் பல இருக்கின்றன. சென்ற வருஷம் ஒரு நண்பரோடு அவற்றில் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். முற்றத்தில் மலைபோல் குவிந்திருந்த இரும்புக்கு நடுவே ஒரு மோட்டாரின் கதவு தெரிந்தது. எங்கள் வீட்டு மாரிஸ் மைனரின் கதவு அப்படித்தான் இருக்கும்.

அப்பா காலமான பிறகு அந்த வண்டியை நான்தான் புதுப்பேட்டையில் ஒரு வியாபாரிக்கு எடைக்குப் போட்டேன். "இரும்பு விலைதான் சார் கொடுக்க முடியும்" என்றார். அதையும் ஒரு உபகாரம் போல வாங்கிக்கொண்டேன்.

என்னைப் போன்ற அசட்டுத்தனத்தை மகாராஜாக்களே செய்திருக்கிறார்கள் என்று பிற்பாடு படித்தபோது, சற்று ஆறுதலாக இருந்தது.

சுதந்திரத்துக்குப் பின் சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்தன. ராஜ்யம் போனாலும் லாயத்தில் ரோல்ஸ் ராய்ஸ்கள் நின்றன. அவற்றுக்குப் பெட்ரோல் போட்டு மாளாது. டயரோ உதிரிச் சாமானோ சீமையிலிருந்து வரவழைக்க சர்க்காரின் லைசென்ஸ் வேண்டும். இந்தச் சமயத்தில் இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கைநிறையப் பணத்தோடு ஆசாமிகள் வந்து சேர்ந்தார்கள். 1966 ஜூன் மாதம் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் ஒரே நாளில் 7 ரூபாய் 50 காசாயிற்று. டாலர் வைத்திருந்தவனுக்கு மகாராஜாவின் வண்டி இன்னும் மலிவாகிவிட்டது!

வாங்கியவர்கள் அப்படியே விற்றுவிடவில்லை. வண்டியை எலும்புக்கூடு வரை பிரித்து, துருவைச் சுரண்டி, உளுத்த மரச்சட்டத்தை மாற்றி, தோல் ஆசனம் தைத்து, வர்ணம் பூசினார்கள். அந்த உழைப்புக்கு லாபம் நியாயந்தான். ஆனால் உழைப்பு மட்டுமா விலை போயிற்று? ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி அந்தக் காலத்தில் எஞ்சினோடு அடிச்சட்டத்தை மட்டுமே செய்து விற்றது. மேற்கூட்டைக் கட்டியவர்கள் வேறு கம்பெனியார். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பரைக் கொண்டு முதலில் வாங்கியவர் யார் என்று காகிதத்தில் தேடிப் பிடிக்கலாம். அங்கே ஒரு மகாராஜாவின் பெயர் இருந்துவிட்டால், விலையே வேறு.

ராஜ்கோட் மன்னருக்காக 1934இல் லண்டன் த்ரப் அண்ட் மேபர்லி கம்பெனி கூடு கட்டிய ஃபாண்டம் 2 வண்டி ஒன்று உண்டு. ஒரு ரத்தினத்தின் பெயரால் அதை 'ஸ்டார் ஆஃப் இந்தியா' என்பார்கள். 1968இல் ஓர் ஆங்கிலேயர் அதை வாங்கிக் கொண்டுபோனார். நாற்பது வருஷத்துக்கு மேல் அயல்நாட்டில் இருந்துவிட்டு, 2010இல் அதே ராஜ குடும்பத்தின் வாரிசு அதைத் திரும்ப வாங்கி ராஜ்கோட்டுக்குக் கொண்டுவந்தார். தாத்தா வீட்டுச் சொத்தைப் பேரன் காசு கொடுத்து மீட்பது நம் கிராமங்களில் நிலத்துக்கு நடக்கும், மோட்டாருக்கும் நடந்திருக்கிறது.

பழைய வண்டிகள் வெளியே போவதை சர்க்கார் 1972இல் தடுத்தது. குதிரை போன பிறகு லாயத்தைப் பூட்டினார்கள் என்று சொல்லலாம். ஆனால் பூட்டாமல் இருந்திருந்தால் மிச்சமும் போயிருக்கும்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் வந்தோம். அங்கே ஊருக்கு அருகில் 1998இலிருந்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்ஸர் செய்த தொழிற்சாலை இருக்கிறது. இன்று அதில் பிரெஞ்சுக்காரரின் சித்ரோன் வண்டிகள் தயாராகின்றன. அந்த ஹிந்துஸ்தான் கம்பெனியின் அம்பாஸடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை மூலமாக வைத்துப் பிறந்ததுதான். எங்கள் மைனருக்கு ஒருவகையில் அண்ணன். 2014இல் அதன் உற்பத்தி நின்றது. 2017இல் பிரெஞ்சு பேஜோ கம்பெனி, 'அம்பாஸடர்' என்கிற பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. வண்டி இல்லை, இரும்பு இல்லை, வெறும் பெயர்!

வீட்டுக்கு வந்ததும் பீரோவைக் குடைந்தேன். மைனரின் பதிவுப் புத்தகம் அப்பாவின் கையெழுத்தோடு அப்படியே இருந்தது. புதுப்பேட்டை வியாபாரி அதைக் கேட்கவும் இல்லை. நான் கொடுக்கவும் இல்லை.