மோப்பம் நாயுடையது, முடிவு நம்முடையது

எங்கள் மணவூர், திருத்தணிப் பக்கம் வீடு புகுந்து திருடினால் மறுநாள் பேப்பர் செய்தி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடியும்: மோப்ப நாய் மெயின் ரோடு வரை ஓடி நின்றது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை. போலீஸ் நாய்ப் படையில் ஹேண்ட்லராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதைப் படிக்கும்போதெல்லாம் நாய்க்காகப் பேச யாருமில்லையே என்றிருக்கும். நாய் மெயின் ரோட்டில் நின்றால், திருடன் அங்கே வண்டி ஏறியிருக்கலாம். விசாரணைக்கு அது பெரிய தகவல்.

பீரோவை உடைத்தவன் மிளகாய்ப் பொடி தூவிப் போவது நம் பக்கத்துப் பழைய தந்திரம். பொடி மூக்கில் ஏறினால் நாய் தும்மும், சற்று நேரம் வேலை கெடும். வாசலைத் தாண்டிப் பொடி படாத இடத்தில் தடத்தைக் காட்டினால் மறுபடி எடுத்துவிடும். பொடியைவிட எங்களுக்குப் பெரிய தொல்லை, போலீஸ் வருமுன் உள்ளே புகுந்து பார்க்கும் ஊர்க்கூட்டம். அடுத்தது தார் ரோட்டு வெயில். நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும் நாயால் ஒழுங்காக மோப்பம் பிடிக்க முடியாது. சித்திரை வெயிலில் அதை நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் காட்டுவதும் எங்கள் வேலைதான்.

மெட்ராஸ் போலீஸில் 1950-களில் நாய்ப் படை வந்தபோது, நாய் என்றாலே தடம் பிடிக்கும் நாய்தான். சாமியாடி குறி சொன்னதைப்போல, அது யார் முன்னால் நின்றதோ அவனே குற்றவாளி என்று ஜனங்கள் நம்பினார்கள். நீதிமன்றம் நம்பவில்லை. மகாராஷ்டிரத்தில் ரயிலைக் கவிழ்த்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1969-இல், நாய் காட்டியதைச் சாட்சியமாக ஏற்றாலும் அதற்குப் பெரிய எடை இல்லை என்றது. நாயைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாதே! 2001-இல் ஆந்திரக் கொலை வழக்கு ஒன்றிலும், நாயும் தவறலாம், அதை நடத்துபவரும் தவறலாம் என்று அதே நீதிமன்றம் எச்சரித்தது. இரண்டுமே சரியான தீர்ப்புகள் என்று என் அனுபவத்திலிருந்து சொல்வேன்.

காரணம், நாய் கற்கும் விதத்தில் இருக்கிறது. ஆந்திராவிலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் கஞ்சா வரும் பாதை எங்களுடையது. கஞ்சா நாயைப் பழக்க, வரிசையாகத் தகர டப்பாக்களை வைத்து ஒன்றில் மட்டும் பொருளைப் போடுவோம். அதன் முன் உட்கார்ந்தால் பந்து கிடைக்கும். அந்தப் பொட்டலத்தை மட்டும் தினமும் ஒரே ஆள் கட்டினால், நாய் கஞ்சாவை விட்டுவிட்டு அவர் கை வாசனையையோ ஒட்டிய டேப்பையோ படித்துக்கொள்ளும். அதனால் காலி டப்பாவையும் அதே கை தொட வேண்டும், அதே டேப்பை ஒட்ட வேண்டும். பொருளை எடுத்த பிறகும் பையில் வாசனை தங்கும். அப்போது நாய் உட்கார்ந்தால் அது பொய் சொல்லவில்லை. கஞ்சா எப்போது இருந்தது, யார் வைத்தது என்பதுதான் அதற்குத் தெரியாது.

வெடிமருந்து இன்னும் சிக்கலானது. ஆர்.டி.எக்ஸ். காற்றில் கிட்டத்தட்ட ஆவியாவதே இல்லை. நாய்க்குக் கிடைப்பது பெரும்பாலும் தயாரிப்பின்போது ஒட்டிக்கொண்ட கரைப்பான் போன்றவற்றின் வாசனை. பிளாஸ்டிக் வெடிமருந்தில் எளிதில் ஆவியாகும் ரசாயனத்தைக் கலந்தே தயாரிக்க வேண்டும் என்ற உலக ஒப்பந்தம் 1991 மார்ச் 1 அன்று மான்ட்ரியலில் கையெழுத்தானது. அதே ஆண்டு மே 21-இல்தான் எங்கள் மாவட்டத்தை ஒட்டிய ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் உடனிருந்தவர்களும் குண்டுக்குப் பலியானார்கள். ஒப்பந்தம் ஆலைகளைத்தான் கட்டுப்படுத்தும், ஒளித்துச் செய்பவனை அல்ல.

மூக்கின் எல்லையை அவசரமாக வகுத்துவிடவும் கூடாது. நம் சிப்பிப்பாறை, முயலைக் கண்ணால் பார்த்துத் துரத்தப் பழகிய இனம். அந்த இனத்து ஜெயா, மணி என்ற இரு நாய்கள் சிறுநீர் மாதிரிகளை முகர்ந்து கொரோனாவைக் காட்டுவதை 2021 பிப்ரவரியில் ராணுவம் டெல்லியில் செய்து காட்டியது.

ஆனால் எந்த இனமானாலும் எதிர்முனையில் ஒரு மனிதன் சங்கிலியைப் பிடித்திருக்கிறான். 2011-இல் வெளியான கலிபோர்னிய ஆய்வொன்றில் 18 ஜோடி நாய்களையும் ஹேண்ட்லர்களையும் சோதித்தார்கள். பொருள் எதையும் ஒளிக்கவில்லை. காகிதம் ஒட்டிய இடத்தில் இருக்கிறதென்று ஹேண்ட்லர்களிடம் மட்டும் சொன்னார்கள். இருநூறுக்கு மேல் தவறான அடையாளம் வந்தது. சந்தேகப்பட்ட வீட்டின் முன் என் நடை தளர்ந்தாலே என் நாய் திரும்பி முகத்தைப் பார்க்கும். அதனால் அந்த முடிவு எனக்கு ஆச்சரியமாக இல்லை.

புதிதாகப் படையில் சேரும் பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்கிறேன்: பொருள் எங்கே இருக்கிறதென்று உங்களுக்கே தெரியாமல் பயிற்சி செய்யுங்கள், நாய் தவறியதையும் நோட்டில் எழுதுங்கள். ஊராருக்கும் ஒரு வேண்டுகோள். நாய் வரும்வரை வாசலை மிதிக்காதீர்கள். நாய் ஒருவன் முன்னால் உட்கார்ந்துவிட்டதென்று அவன்மேல் கை வைக்காதீர்கள். எங்கே தேடலாம் என்று காட்டுவதோடு நாயின் வேலை முடிந்தது. குற்றத்தை நிரூபிப்பது மனிதர்கள் செய்ய வேண்டிய வேலை.