தலைமையும் அங்கீகாரமும்: ஐக்கிய அமெரிக்க லத்தீனோ சமூக வரலாற்றில் இரு பெண்கள்

ஒரு சமூகத்தின் தலைவர் யாரென்பதைத் தீர்மானிப்போர் யார் என்னும் வினா வரலாற்றாய்வில் அரிதாகவே எழுப்பப்படுகின்றது. பாட்டுடைத் தலைவனின் பெருமையில் மயங்கி, அப்பாட்டு எச்சூழலிற் பிறந்ததென்பதை மறந்துவிடும் இலக்கிய வரலாற்றாசிரியர் நம்மிடையேயும் உளர். கௌரவிக்கப்பட்டோரின் வாழ்க்கையை எழுதுவோர் கௌரவித்தோரின் தேவையை எழுதுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் லத்தீனோ மக்களிடையே வர்த்தகத் தலைவர், சமூகத் தலைவர் என ஏற்றுக்கொள்ளப்பட்டோரின் வரலாறு இவ்வினாவைத் தெளிவாக முன்வைக்கின்றது.

ஹிஸ்பானிய மரபுரிமை வாரம் 1968 ஆம் ஆண்டில் பிரகடனப்படுத்தப்பட்டது. 1988 இல் அது மாதமாக விரிந்தது. நாடளாவிய ஹிஸ்பானிய வர்த்தகச் சம்மேளனம் 1979 இல் தோன்றியது. 1980 ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பு முதன்முறையாக அனைவரிடமும் ஹிஸ்பானியப் பூர்வீகம் பற்றி வினவிற்று. மெக்சிக்கத் தோட்டத் தொழிலாளியும் கியூபாவிலிருந்து வெளியேறிய முதலாளியும் இவ்வாறு ஒரே பெயருக்குள் அடக்கப்பட்டனர். இன ஒதுக்கலுக்கு எதிரான உரிமைக் கோரிக்கைக்கு இப்பொதுப்பெயர் பயன்பட்டதை மறுப்பதற்கில்லை. ஆயின் ஒருவரின் உயர்ச்சியை அனைவரது உயர்ச்சியாகக் காட்டும் வசதியும் அதனுடனேயே வந்து சேர்ந்தது.

டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்ரோனியோ நகரின் மேற்குப் பகுதியில் 1930களில் ஏறத்தாழ 12,000 மெக்சிக்கத் தொழிலாளர், பெரும்பாலும் பெண்கள், பிக்கான் கொட்டை உடைத்து வாழ்ந்தனர். வாரக் கூலி இரண்டு மூன்று டொலரைத் தாண்டுவது அரிது. கொட்டைத் தூசி நிறைந்த, காற்றோட்டமற்ற கொட்டில்களிலேயே வேலை நடந்தது. காசநோய் அம்மக்களிடையே மலிந்திருந்தது. இவ்விடத்து ஒரு பொருளியல் உண்மை மனங்கொள்ளத்தக்கது: கொட்டை உடைக்கும் இயந்திரம் அன்று இல்லாமலில்லை. மனிதக் கை அதனினும் மலிவாயிருந்தமையால் முதலாளிகள் இயந்திரத்தைக் கைவிட்டுக் கைக்கு மீண்டிருந்தனர்.

இறாத்தலுக்கு ஆறு, ஏழு சதமாயிருந்த கூலியில் ஒரு சதம் குறைக்கப்பட்டபோது, 1938 சனவரி 31 ஆம் நாள் வேலைநிறுத்தம் வெடித்தது. தொழிலாளர் தம் தலைவராகத் தெரிந்தெடுத்தவர் எம்மா தெனாயூக்கா. அப்போது அவருக்கு வயது 21. வேலையற்றோரை அணிதிரட்டியவர், கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்தவர். பொலிசார் கண்ணீர்ப்புகை வீசினர், நூற்றுக்கணக்கானோர் சிறையிடப்பட்டனர். மெக்சிக்க வர்த்தக சங்கமும், 1929 இல் தோன்றிய ஐக்கிய லத்தீன் அமெரிக்கக் குடிமக்கள் கழகமும், கத்தோலிக்கத் திருச்சபையும் வேலைநிறுத்தத்திற்கு ஆதரவளிக்க மறுத்தன. வர்த்தகத் தலைமை, சமூகத் தலைமை எனப் பின்னர் பாராட்டப்பட்டவற்றின் அன்றைய நிறுவன வடிவங்கள் இவையே. அவை கூறிய காரணம் கம்யூனிசம்.

தொழிற்சங்கத்தின் நடத்தையையும் மறைத்தலாகாது. தெனாயூக்காவின் கட்சி அடையாளம் எதிர்ப்பிரசாரத்திற்கு உதவுமெனக் கருதி, அவரை முறைசார்ந்த தலைமையிலிருந்து விலக்கியது அதுவே. ஆயினும் அவர் திரைமறைவில் துண்டுப்பிரசுரங்கள் எழுதியும் ஆட்களைத் திரட்டியும் வந்தார். இறுதியில் நடுத்தீர்ப்பின் மூலம் கூலி ஓரளவு உயர்ந்தது. அதே ஆண்டு ஒற்றோபரில் மணிக்கு 25 சதம் எனும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் முதலாளிகள் மீண்டும் இயந்திரத்தை நாடினர், ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். வெற்றியின் இக்கசப்பான பக்கத்தை வீரவரலாறு எழுதுவோர் தவிர்த்துவிடுவதுண்டு. 1939 ஓகஸ்டில் நகர மண்டபத்தில் நடைபெற்ற கட்சிக் கூட்டத்தை ஆயிரக்கணக்கானோர் கொண்ட கும்பல் தாக்கியபோது தெனாயூக்கா தப்பியோட நேர்ந்தது. பின்னர் சொந்த ஊரில் வேலை கிடையாதாயிற்று. நெடுங்காலம் கலிபோர்ணியாவில் வாழ்ந்து, 1960களின் பிற்பகுதியிலேயே ஊர் திரும்பி ஆசிரியரானார். 1991 இல் நகரின் சாதனைப் பெண்கள் வரிசையில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 1999 இல் அவர் காலமானார்.

மற்றவர் ரொமானா அகோஸ்தா பன்யுவேலோஸ். 1925 இல் அரிசோனாவிற் பிறந்த அமெரிக்கக் குடிமகள். பொருளாதார மந்தக் காலத்தில் இலட்சக்கணக்கான மெக்சிக்க மக்கள், குடியுரிமையுள்ளோர் உட்பட, மெக்சிக்கோவுக்கு அனுப்பப்பட்டபோது அவர் குடும்பமும் வெளியேற்றப்பட்டது. இளமையிலேயே மணமுறிவுற்று, இரு பிள்ளைகளுடன் லொஸ் ஏஞ்சலிஸ் திரும்பியவர், 1949 இல் தோர்ட்டியா எனும் ரொட்டி செய்யும் சிறு தொழிலைத் தொடங்கிப் பெருந்தொழிற்சாலையாக வளர்த்தார். மெக்சிக்க வம்சாவளியினருக்குக் கடன் கிட்டாத சூழலில், கிழக்கு லொஸ் ஏஞ்சலிஸில் வங்கியொன்றை நிறுவியோருள்ளும் ஒருவரானார். இவற்றை எள்ளி நகையாடுதல் முறையன்று. அவ்வங்கிக்கான தேவை மெய்யானது.

1971 இல் சனாதிபதி நிக்சன் அவரை ஐக்கிய அமெரிக்காவின் பொருளாளர் பதவிக்கு முன்மொழிந்தார். அப்பதவி நாணயத்தாளிற் கையொப்பமிடும் பெருமையுடையது; லத்தீனோ வம்சாவளியினர் எவரும் அதுவரை வகிக்காதது. செனற் சபையின் இசைவு எதிர்பார்க்கப்பட்ட வேளை, ஒற்றோபரில், குடிவரவு அதிகாரிகள் அவரது தொழிற்சாலையிற் புகுந்து அனுமதிப் பத்திரமற்ற 36 தொழிலாளரைப் பிடித்தனர். இது தமக்கெதிரான அரசியற் சூழ்ச்சியென்றார் பன்யுவேலோஸ். அவ்வாறும் இருக்கலாம். அவர் நியமனம் உறுதியாயிற்று. 1974 வரை பதவியிலிருந்தார். சூழ்ச்சியோ அன்றோ, அந்த 36 பேரின் உழைப்பு அத்தொழிற்சாலையின் மூலதனமாயிருந்தது என்பதில் மாற்றமில்லை. சிறுமியாய் வெளியேற்றப்பட்டவர் முதலாளியான பின்னர், வெளியேற்றத்தின் அச்சத்தால் மலிவாக்கப்பட்ட கரங்களை வாங்கினார். இதனை அவருடைய தனிமனித ஒழுக்கக் குறையாகக் காண்பது மேலோட்டமானது. அவர் புகுந்த உற்பத்தி உறவு அதுவே.

1939 மார்ச்சில் கட்சியின் கோட்பாட்டு ஏட்டில் தெனாயூக்காவும் அவர் கணவர் ஹோமர் புரூக்சும் எழுதிய, தென்மேற்கு மெக்சிக்க மக்கள் பற்றிய கட்டுரை இந்நோக்கில் மீள்வாசிப்புக்குரியது. அம்மக்கள் தனித் தேசமல்லர் என்றும், அவர்தம் மொழி, பண்பாட்டு உரிமைகளுக்கான போராட்டம் ஏனைய உழைப்பாளரின் போராட்டத்தோடு இணைந்ததென்றும் அது வாதிட்டது. அம்முடிவோடு நாம் முரண்படலாம். குடிமக்கள் கழகம் பற்றிய அதன் விமரிசனமே இங்கு முக்கியமானது: அங்கு பிறந்த சிறு பூர்ஷ்வாக்களின் நோக்கால் அக்கழகம் ஆங்கிலத்தைப் போற்றிற்று; குடியுரிமை பெறாதோரை அங்கத்துவத்திலிருந்து விலக்கிற்று. 32 ஆண்டுகளின் பின் ரொட்டித் தொழிற்சாலையிற் பிடிக்கப்பட்ட 36 பேரும் அவ்வாறு விலக்கப்பட்டோரின் வரிசையினரே.